தங்கை கல்யாணமும் தம்பியும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. சில வருடங்களாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான். அச்சகத்தில் வேலைக்கும் போகிறான். அடுத்த மாதம் எங்கள் தங்கைக்குக் கல்யாணம். ‘மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் கேள்வி வரும், அன்றைக்கு அவன் வீட்டிலேயே இருக்கட்டும், துணைக்கு ஆள் போடலாம்’ என்கிறார் அம்மா. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள், உங்கள் தம்பியைத் தவிர. முதலில் அவரைக் கேளுங்கள். ‘கூட்டம் எனக்கு ஒத்துக்காது, தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வருகிறேன்’ என்று அவரே சொன்னால் அது அவர் விருப்பம். நீங்களாக வீட்டில் விட்டுப் போவது ஒதுக்குவதுதான். நாளைக்குக் கல்யாண ஆல்பத்தை அவரும்தானே புரட்டுவார்?

அம்மாவின் பயத்தை நான் சும்மா தள்ளிவிடவில்லை. ‘பரம்பரை வியாதியோ’ என்ற பேச்சு எழத்தான் செய்யும். மனச்சிதைவு ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அந்த வாய்ப்பு 100க்கு 10 அளவுக்குக் கூடும். மீதி 90 பேருக்கு வருவதில்லை. தங்கைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. மாப்பிள்ளையிடம் தங்கையே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது என்பேன், தம்பி சம்மதித்தால். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை மருத்துவரே வெளியில் சொல்லக் கூடாது. வீட்டார் மட்டும் தம்பியைக் கேட்காமல் சொல்லலாமா?

இனி மண்டபத்துக்கு வருவோம். முகூர்த்தம் விடியற்காலையில் என்றால், ‘தூங்கிவிடுவான், இன்றைக்கு ஒரு ராத்திரி மாத்திரை வேண்டாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ரிசப்ஷன் பாட்டுக் கச்சேரி காதைப் பிளக்கும்போது போய்ப் படுக்க ஓர் அறை வேண்டும். சாவி அவர் கையிலேயே இருக்கட்டும். மாடியில் பாட்டிலைத் திறக்கும் மச்சான்கள் எந்தக் கல்யாணத்திலும் உண்டு. இந்த மாத்திரைகளோடு மது கூடாது. நம்பகமான ஒருவரை அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாத்திரையால் சிலருக்குக் கை நடுங்கும்; அப்படியிருந்தால் காபி டம்ளர் அடுக்கிய தட்டு வேண்டாம். தாம்பூலப் பை கொடுக்கலாம், பந்திக்கு ஆள் எண்ணி அனுப்பலாம். ‘தம்பி இப்ப என்ன பண்றே?’ என்று எந்தப் பெரியப்பாவாவது கேட்டால், ‘பிரஸ்ல வேலை பாக்குறேன்’ என்பது உண்மையான பதில். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவையில்லை. பக்கத்தில் நின்று நீங்களும் பதில் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, தம்பிக்குச் சம்மதமென்றால், அம்மாவையும் கூட்டிப் போங்கள். பரம்பரைக் கணக்கை டாக்டர் வாயால் கேட்டால் பாதி பயம் போய்விடும். அதுவரை மனசு அடித்துக்கொண்டால் 14416க்கு அம்மாவே பேசலாம். டெலி மானஸ் உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசுவார்கள், குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்வார்கள்.