ஈரல் புழுவைத் தடுக்க நத்தையைக் கவனியுங்கள்

மழையில் நிரம்பிய கண்மாய் தை, மாசியில் வற்றத் தொடங்கும். மேடெல்லாம் காய்ந்திருக்க, நீரோரத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்கும். காரைக்குடியை அடுத்த கோவிலூர்ப் பகுதியில் ஆடு, மாடுகளை அங்கே மேயவிடுவது இயல்பே. ஆனால் ஈரல் புழு தொற்றுவதும் அங்கேதான்.

நோயுற்ற மாட்டின் சாணத்தோடு வெளிவரும் முட்டை, நீரில் பொரிக்கும். குஞ்சுப் புழு நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகி, வெளியேறிப் புல்லில் ஒட்டிக் கொள்ளும். அப்புல்லைத் தின்ற கால்நடையின் ஈரலை அது துளைக்கும்.

மெலிவு, கழிச்சல், கீழ் இமையின் உட்புறம் வெளுத்தல், தாடையின் கீழ் நீர் வீக்கம் ஆகியவை அறிகுறிகள். சில ஆடுகள் அறிகுறி தோன்றுமுன்பே இறந்து விடும்.

கால்நடை மருந்தகத்தில் சாணத்தைச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும். ஆக்சிகுளோசனைடு போன்ற மருந்து வளர்ந்த புழுவையே கொல்லும். இளம் புழு தப்பி விடும். ஆகவே மறுமுறை எப்போது கொடுப்பது என்று மருத்துவரைக் கேட்டறிக.

தடுப்பு முறைகள்:

1. நீரோரத்தில் மேய்க்காதீர். அங்கு அறுத்த புல்லை நன்கு உலர்த்திய பின்னரே போடவும்.

2. கிணற்று நீரைத் தொட்டியில் காட்டவும்.

3. சாணத்தை எருக்குழியில் குவித்து மக்கவிடவும். அச்சூட்டில் முட்டைகள் அழியும்.

4. வாத்துகள் நத்தையைத் தின்னும். மயில்துத்தம் நத்தையைக் கொல்லும், மீனையும் கொல்லும். எனவே பொதுக் கண்மாயில் போடலாகாது.

மருந்து கொடுத்த மாட்டை மீண்டும் அதே கரைக்கு ஓட்டினால் செலவு வீணே.