நகரின் நடுவே ஒரு நெய்தல்

நுழையும்முன்

பறவைகளைக் காணக் காட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. பேருந்தின் இரைச்சல் கேட்கும் தொலைவில், ஆறு கடலோடு கலக்கும் இடத்திலும் அவை இரை தேடுகின்றன. அவற்றைப் பார்க்கக் கற்பதும் பார்த்ததை எழுதி வைப்பதும் அவ்விடத்தைக் காக்கும் பணியின் தொடக்கம் என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

ஆறும் கடலும் கூடும் இடம்

சென்னை நகரின் ஊடே வரும் அடையாறு, பட்டினப்பாக்கத்திற்கும் பெசன்ட் நகருக்கும் இடையே வங்கக் கடலில் கலக்கிறது. தென்கரையில் பிரம்மஞான சபையின் மரத்தோப்பு அடர்ந்து நிற்கிறது. வடபுறக் கிளைக்கழியில் 58 ஏக்கர் பரப்பில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கழிவுகளால் சீரழிந்து கிடந்த அந்நிலம், குப்பை அகற்றப்பட்டு, நீர்வழிகள் சீராக்கப்பட்டு, மண்ணுக்குரிய மரங்களும் அலையாத்திச் செடிகளும் நடப்பட்டு மீட்கப்பட்டது. நிலத்தின் கருப்பொருள்களுள் புள்ளையும் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்தவரின் பெயர் இப்பூங்காவிற்கு மிகவும் பொருந்துகிறது.

கோடையில் ஆற்றின் வாயை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதனை உடைத்துத் திறக்கும். வாய் திறந்திருக்கும் நாள்களில் கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரும். நீர் வடியும்போது சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். மனிதர் கண்ணுக்கு வெறும் சேறாகத் தோன்றும் அப்பரப்பில் புழுக்களும் நத்தைகளும் சிறு நண்டுகளும் நிறைந்திருக்கின்றன. பறவைகளுக்கு அதுவே பந்தி.

அலகும் இரையும்

ஒரே பந்தியில் பலவகைப் பறவைகள் பூசலின்றி உண்பது எங்ஙனம்? விடை அவற்றின் அலகிலும் காலிலும் உள்ளது. குட்டையான அலகுடைய உப்புக்கொத்தி சிறிது ஓடும், நிற்கும், சேற்றின் மேற்பரப்பில் அசையும் இரையைக் கண்ணால் கண்டு கொத்தும். அரிவாள்மூக்கன் தன் வளைந்த அலகைச் சேற்றினுள் செலுத்தித் துழாவும். நெடிய சிவந்த கால்களையுடைய பவளக்கால் உள்ளான் நீருக்குள் நடந்து இரை தேடும். நாரை அசையாது நின்று மீன் வரும்வரை காத்திருக்கும். ஆலா வானில் வட்டமிட்டு நீரில் பாயும். இடம் ஒன்றாயினும் இரையின் ஆழம் வேறு. ஆதலால் போட்டி குறைகிறது.

பெயரில் உறையும் அறிவு

இப்பறவைகளின் தமிழ்ப் பெயர்களை உற்றுநோக்கினால் நம் முன்னோரின் கூர்மையான பார்வை புலப்படும். அரிவாள்மூக்கன் என்பது உருவத்தால் அமைந்த பெயர். மீன்கொத்தி என்பது செயலால் அமைந்தது. ஆள் நடமாட்டம் கண்டதும் கூவி எச்சரிக்கும் பறவை ஆள்காட்டி ஆயிற்று. உழவரும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் நாள்தோறும் கண்டு வழங்கிய இத்தகைய பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு களக்குறிப்பே. பறவை மறைந்தால் பெயர் அகராதியில் மட்டும் எஞ்சும். அதன் பொருளை அறிந்தவர் எஞ்சமாட்டார்.

தொலைவில் நிற்கும் அன்பு

குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். வடதுருவத்தை ஒட்டிய சமவெளிகளில் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து அது இங்கு வருகிறது. மீண்டும் வடக்கே செல்வதற்கு முன்பு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்கொழுப்பே நெடும்பயணத்திற்குரிய எரிபொருள்.

நிழற்படம் எடுக்க ஒருவர் நெருங்கும்போதும், அவிழ்த்து விடப்பட்ட நாய் பாயும்போதும் கூட்டம் எழுந்து பறக்கிறது. பார்ப்பவருக்கு அது அழகிய காட்சி. பறவைக்கோ சேமிப்பின் இழப்பு. நாள்தோறும் பலமுறை இவ்வாறு நேர்ந்தால், புறப்படும் நாளில் போதிய வலிமை இராது. எனவே உண்ணும் பறவை தலைதூக்கி நம்மை நோக்கத் தொடங்கினாலே நிற்க வேண்டும். இருநோக்கியின் துணைகொண்டு தொலைவிலிருந்தே காண வேண்டும்.

குறிப்பேட்டின் வலிமை

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நெடுங்காலம் குப்பை கொட்டுதற்குரிய இடமாகவே கருதப்பட்டது. அங்கு வரும் பறவைகளை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பதிவு செய்தமை அதன் அருமையை உணர்த்தத் துணைசெய்தது. அதன் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அச்சதுப்புநிலம் உலகச் சிறப்புமிக்க ராம்சர் நிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரி மாதந்தோறும் நடைபெறுகிறது. பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் நிகழும் பறவைக் கணக்கெடுப்பில் மாணவரும் பங்கேற்கலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, பறவையின் பெயர், எண்ணிக்கை, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்தால் போதும். அரிய பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இன்று எண்ணி எழுதிய காகமும் மைனாவும் நாளை அவை குறையும்போது சான்று கூறும். எண்ணப்படாதது அழிந்தாலும் அழிந்தது எவருக்கும் தெரியாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலையில் பதினைந்து நிமிடம் பறவைகளை உற்றுநோக்கிப் பெயரும் எண்ணிக்கையும் குறித்து வருக.
2. உங்கள் பகுதியில் வழங்கும் பறவைப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பெயர்க்காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.