பள்ளிப் படிப்போடு கல்லூரிக் கிரெடிட்: கலிஃபோர்னியாப் பெற்றோருக்கு

கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் பாடம் எடுத்து, அந்தக் கிரெடிட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகலாம். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். பகுதிநேரமாகச் சேரும் பள்ளி மாணவர்களிடம், பருவத்துக்கு 11 யூனிட் வரை, பல கல்லூரிகள் அதையும் வாங்குவதில்லை. இலவசம்தானே என்று கிடைத்த வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். பிள்ளை எங்கே, என்ன படிக்க விரும்புகிறது என்பதை முதலில் பேசுங்கள். பாடத்தை அதற்குப் பிறகு தேடுங்கள்.

தேட வேண்டிய இடம் ‘அசிஸ்ட்’ இணையதளம். கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும். கவனமாகப் படியுங்கள். கிரெடிட் செல்லுபடியாவது வேறு, மேஜருக்குத் தேவையான பாடத்தைக் கழித்துக்கொள்வது வேறு. வணிக மாணவர்களுக்கான கால்குலஸுக்கு யூசி (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) கிரெடிட் கொடுக்கும். ஆனால் பொறியியல் படிக்கப்போகிறவர் கால்குலஸை மறுபடி எடுக்கத்தான் வேண்டும். ‘அசிஸ்ட்’ யூசி, கால் ஸ்டேட் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்களின் வளாகங்களுக்கு மட்டுமே. தனியார், வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களை நேரடியாகக் கேளுங்கள். பள்ளித் தேர்ச்சிக்குக் கணக்கில் வந்த பாடத்துக்குக் கிரெடிட் தராத இடங்கள் உண்டு.

அடுத்து பள்ளி கவுன்சிலர். கல்லூரிப் பாடம் பள்ளி மதிப்பெண் பட்டியலில் எப்படி ஏறும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். யூசி சேர்க்கையில், மூன்று யூனிட் கொண்ட ஒரு செமஸ்டர் பாடம் பொதுவாகப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம்.

பிறகு ‘சிசிசி அப்ளை’ தளத்தில் பிள்ளையின் பெயரில் விண்ணப்பம். பெற்றோரும் பள்ளியும் ஒப்புதல் தரும் படிவம். பள்ளி மாணவர்களுக்குப் பதிவு வரிசை கடைசியில்தான் வரும். அதற்குள் வகுப்பு நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் சேர்ந்து, முதல் நாளே வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். வராதவர்களின் இடம் அப்போது கிடைக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கிரேடு. பத்தாம் வகுப்பில் வாங்கிய ‘டி’ கூட கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். விண்ணப்பத்தில் அதை மறைக்கவும் முடியாது. அதனால் முதல் பருவத்தில் ஒரே பாடம் போதும். சேர்ந்த அன்றே இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தடமில்லாமல் விலகக் கடைசி நாள், ‘டபிள்யூ’ குறியோடு விலகக் கடைசி நாள். சிரமம் தெரிந்தால் முதல் தேதிக்குள் விலகிவிடுவது நல்லது.

பேராசிரியரிடம் பெற்றோர் பேசி எதையும் சரிசெய்ய முடியாது. கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை, வயது பதினைந்தே ஆனாலும், மாணவருடையது. மின்னஞ்சல் எழுதுவது, பேராசிரியரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் பிள்ளையே செய்யப் பழகட்டும்.

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் சேமித்து வையுங்கள். ஈடு பற்றிக் கேள்வி எழுந்தால் அதுதான் சான்று. கிரெடிட் தானாகப் போய்ச் சேராது. சேரும் பல்கலைக்கழகம் முடிவானதும், கல்லூரியிலிருந்து அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட்டை அங்கே நேரடியாக அனுப்பச் சொல்லி விண்ணப்பியுங்கள்.