மத்தாப்புப் படத்துக்கு ஃபிளாஷ் கடைசியில்தான்

தீபாவளி இரவில் கம்பி மத்தாப்போடு நிற்கும் பிள்ளையைக் கேமராவின் ஆட்டோ மோடில் எடுத்தால், முகம் வெளுத்துப்போய் பின்னால் ஒரே இருட்டாக விழும். அதைப் பார்த்துவிட்டு ஃபிளாஷே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குறைந்த பவரில் ஃபிளாஷ் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எரிவதில்லை. ஷட்டர் மூன்று நொடி திறந்திருந்தாலும் முகம் அந்தக் கணத்தில் பதிந்துவிடும். மத்தாப்பு மட்டும் கோடாக ஓடிக்கொண்டிருக்கும். 1949-ல் பிரான்ஸின் வல்லோரிஸில், இருட்டறையில் பிக்காசோவிடம் சின்ன விளக்கைக் கொடுத்து, அவர் காற்றில் வரைந்ததை லைஃப் பத்திரிகைக்காக ஜோன் மிலி படமாக்கியதும் இந்த வழியில்தான்.

முதலில் வாசல் விளக்கை அணையுங்கள். கேமராவை டிரைபாடில் நிறுத்தி மேனுவலுக்கு மாற்றுங்கள்: ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 3 நொடி. டார்ச் அடித்துப் பிள்ளையின் கண்ணில் ஃபோகஸ் செய்து, அதை மேனுவல் ஃபோகஸில் பூட்டிவிடுங்கள். பிள்ளை இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஃபிளாஷ் பவர் 1/16-ல் தொடங்கலாம்.

அடுத்தது முக்கியம். ஃபிளாஷை ரியர் கர்ட்டன் சிங்க்கில் வையுங்கள். ஷட்டர் மூடும் தறுவாயில்தான் அது மின்னும். தொடக்கத்திலேயே மின்னினால், படம் எடுத்தாயிற்று என்று பிள்ளை ஓடிவிடும். கடைசியில் வரும் என்று தெரிந்தால் வட்டம் போட்டு முடித்துச் சிரித்தபடி காத்திருக்கும். பவரைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல்லில் விடாதீர்கள், அளவு பார்க்க முன்கூட்டியே ஒருமுறை மின்னி ஏமாற்றிவிடும். பவரைக் கையால் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ரெட்-ஐ குறைப்பு வசதியும் முன்கூட்டியே ஒளிரும், அதையும் அணைத்துவிடுங்கள்.

முகம் வெளுத்தால் ஃபிளாஷ் பவரை 1/32 ஆக்குங்கள். கோடு வெளுத்தால் எஃப்/11. அப்போது முகமும் மங்கும், பவரைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், அவ்வளவே. ஃபிளாஷ் முகப்பில் ஆரஞ்சு கண்ணாடித்தாளை ஒட்டினால் முகமும் மத்தாப்பின் மஞ்சளோடு ஒத்துப்போகும். எனக்கு இதில்லாமல் எடுக்கவே மனம் வராது.

பெயர் எழுதச் சொன்னால் எழுத்து இடவலம் மாறி விழும். படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். காற்று வரும் பக்கம் நீங்கள் நில்லுங்கள், இல்லாவிட்டால் புகைதான் பளிச்சென்று பதியும்.

பிள்ளைக்குப் பருத்தி உடையும் செருப்பும் போடுங்கள். எரிந்து முடிந்த கம்பி சிவப்பு அடங்கிய பிறகும் சுடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து உடனே அதில் போட்டுவிடுங்கள்.