வந்து மறையும் கீச்சுச் சத்தம்: உழவு இயந்திரத்தின் பெல்ற்றைச் சோதிக்கும் முறை

உழவு இயந்திரம் வைத்திருப்போரிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "காலையில் ஸ்ராட் பண்ணினால் முன்பக்கத்தில் கீச்சென்று கத்துகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் சத்தமே இல்லை. மெக்கானிக்கும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார். வயலுக்கு வந்தால் மறுபடி கத்துகிறது."

இப்படி வந்து வந்து மறையும் சத்தத்தைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. சிலர் பெல்ற்றில் சவர்க்காரத்தைத் தேய்த்துச் சத்தத்தை அடக்கிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. நின்று நின்று வரும் சத்தத்துக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைக் குறித்து வைத்தால் காரணத்தில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கும் முறையை இப்பாடத்தில் பார்ப்போம்.

பெல்ற் அறுந்தால் என்ன நடக்கும்?

மாசி பேர்கசன் 135, 240, அதே வகையைச் சேர்ந்த டாஃபே போன்ற உழவு இயந்திரங்களின் முன்பக்கத்தைப் பாருங்கள். கீழே கிராங்குத் தண்டின் கப்பி. மேலே விசிறியும் தண்ணீர்ப் பம்பியும் ஒரே தண்டில் பூட்டியிருக்கும் கப்பி. பக்கத்தில் டைனமோவின் அல்லது அல்ரனேற்றரின் கப்பி. இம்மூன்றையும் சுற்றி முக்கோணமாக ஓடுவதே பெல்ற்.

அது அறுந்தால் விசிறி நிற்கும், தண்ணீர்ப் பம்பி நிற்கும், பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. றேடியேற்றர் நிறையத் தண்ணீர் இருந்தாலும் அது சுற்றி ஓடாது. சுமையோடு உழுதுகொண்டிருக்கும் இயந்திரம் சில நிமிடங்களிலேயே கொதிக்கத் தொடங்கும். சாரதி கவனிக்காவிட்டால் காஸ்கற் எரியும், சிலிண்டர் ஹெட் வளையும். காலபோக மழையின் ஈரத்தோடு உழவேண்டிய சில நாட்களில் இது நேர்ந்தால், அந்த ஒரு இயந்திரத்தை நம்பியிருக்கும் பல குடும்பங்களின் விதைப்புப் பிந்திவிடும். ஆகவே கீச்சுச் சத்தம் வெறும் தொந்தரவு அல்ல. முன்கூட்டியே வரும் எச்சரிக்கை.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

பெல்ற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கும். அது கப்பியின் பள்ளத்துள் ஆப்பு இறுகுவதுபோல் இறுகுகிறது. இழுப்பது அதன் இரு பக்கச் சுவர்களே. அடிப்பாகம் பள்ளத்தின் அடியில் முட்டக்கூடாது. பக்கங்கள் தேய்ந்து பெல்ற் கீழே இறங்கினால், பிடி விட்டு வழுக்கும். கப்பிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மினுங்கினால், பெல்ற் அங்கே முட்டி ஓடுகிறது என்று அறியலாம்.

கரும்பலகையில் வெண்கட்டி சிலவேளை கிறீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். வெண்கட்டி பலகையில் பிடித்து, வழுக்கி, மீண்டும் பிடித்து, வழுக்குவதால் அந்தச் சத்தம் வருகிறது. பெல்ற்றும் அப்படித்தான். ஒரு வினாடிக்குள் பல நூறு தடவை பிடித்தும் வழுக்கியும் ஓடும்போது அது அதிர்ந்து கத்துகிறது.

எப்போதும் கத்தாமல் இடையிடையே கத்துவது ஏன்? பெல்ற்றின் மேல் விழும் சுமை எப்போதும் ஒரே அளவாக இல்லாததே காரணம். ஸ்ராட் பண்ணியதும் இறங்கியிருக்கும் பற்றரியை நிரப்ப டைனமோ கடுமையாக உழைக்கிறது. லைற் போட்டால் மேலும் உழைக்கிறது. பனியும் மழையும் பெல்ற்றின் பிடியைக் குறைக்கின்றன. இழுவிசை சற்றுக் குறைந்த பெல்ற் இலேசான வேலையைச் சத்தமின்றிச் செய்யும். சுமை கூடிய நேரத்தில் மட்டும் கத்தும்.

முதல் வேலை: கொப்பியில் எழுதுதல்

ஒரு பழைய கொப்பியை எடுங்கள். மூன்று நான்கு நாட்களுக்கு, சத்தம் வரும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அப்போது இயந்திரம் செய்த வேலையையும், சத்தம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் எழுதுங்கள். சாரதி மட்டும் எழுதவேண்டும் என்பதில்லை. வரம்பில் நிற்பவரின் காதுக்குச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். பின்னர் கீழுள்ளவற்றோடு ஒப்பிடுங்கள்.

1. காலையில் ஸ்ராட் பண்ணியதும் கத்தி, ஓரிரு நிமிடத்தில் நிற்கிறது: பனி ஈரம் காரணமாகலாம். தினமும் வந்தால் பெல்ற் தளர்ந்திருக்கிறது, அல்லது பற்றரி பலவீனமாகி டைனமோவுக்கு அதிக வேலை கொடுக்கிறது.

2. வேகத்தைச் சட்டென்று கூட்டும்போது அல்லது லைற் போடும்போது நீளமாகக் கத்துகிறது: பெல்ற் வழுக்குகிறது. தளர்ச்சி, தேய்வு, ஓயில் பட்டிருத்தல் ஆகியவற்றைத் தேடுங்கள்.

3. குருவி கத்துவதுபோல் "கீச், கீச்" என்று தாளத்தோடு வந்து, வேகம் கூடத் தாளமும் கூடுகிறது: கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ற்றில் ஓரிடம் பழுதடைந்துள்ளது, அல்லது கப்பிப் பள்ளத்தில் துரு உண்டு.

4. இயந்திரம் சூடேறிய பின் வருகிறது. கத்தலாக இல்லாமல் அரைப்பதுபோல் அல்லது உறுமுவதுபோல் இருக்கிறது: பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

கைவைப்பதற்கு முன்

ஓடும் விசிறியின் அலகுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெல்ற்றும் கப்பியும் சந்திக்கும் இடத்தில் ஒரு விரல் அகப்பட்டால் திரும்பி வராது. சால்வை, சேலைத் தலைப்பு, தொங்கும் சாரம், அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகே போகக்கூடாது. சிறு பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள்.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்றலில் வைத்து, பிறேக்கைப் பூட்டி, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பழைய டீசல் இயந்திரங்கள் சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்பதில்லை. டீசலை மறிக்கும் குமிழை இழுத்து முற்றாக நிறுத்துங்கள். பற்றரி வயர் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். இயந்திரம் ஆறும்வரை பொறுத்திருங்கள்.

நிறுத்திய இயந்திரத்தில் செய்யும் சோதனைகள்

அ. கண்ணால் பார்த்தல்: பெல்ற்றைச் சிறிது சிறிதாகப் புரட்டி முழுச் சுற்றையும் பாருங்கள். வெடிப்பு, பிய்ந்த நூல், கழன்ற துண்டு, ஓயில் ஊறிய மென்மை ஆகியவை இருந்தால் மாற்றவேண்டும். பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் அது வழுக்கி வழுக்கிச் சூடாகி இறுகிய பெல்ற். இழுத்துப் பூட்டினாலும் விரைவில் மறுபடி கத்தும்.

ஆ. இழுவிசை: இரு கப்பிகளுக்கிடையே உள்ள நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். மாசி பேர்கசன் 135 இல் உள்ள பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் இயந்திரத்தில் சுமார் 10 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒரு சின்னிவிரலின் தடிப்பளவு, உள்ளே போகவேண்டும். அதைவிடக் கூடினால் தளர்ச்சி. அசையவே மாட்டாவிட்டால் அளவுக்கு மீறிய இறுக்கம். அது தண்ணீர்ப் பம்பியின் பேரிங்கையும் டைனமோவின் பேரிங்கையும் தின்றுவிடும்.

இ. நேர்கோடு: ஒரு நேரான தடியை அல்லது இழுத்துப் பிடித்த நூலைக் கப்பிகளின் பள்ளங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று முன்னுக்கோ பின்னுக்கோ நின்றால், டைனமோவைத் தாங்கும் போல்ற்றுகள் தளர்ந்திருக்கின்றனவா, வோஷர் ஏதும் மாறிப் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஈ. பேரிங்: பெல்ற்றைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். சத்தமின்றி மெதுவாகச் சுற்றவேண்டும். அலகின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள்; ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. பம்பியின் அடியில் உள்ள சிறு துளையால் தண்ணீர் கசிந்த அடையாளம் இருந்தால் அதன் சீலும் போய்விட்டது. டைனமோவையும் இவ்வாறே சுற்றிப் பாருங்கள். பழைய டைனமோக்கள் சிலவற்றின் பின்முனையில் ஓயில் விடும் சிறு துளை உண்டு. அது காய்ந்துபோனாலும் பெல்ற் கத்துவதுபோலவே கத்தும். இரண்டு மூன்று துளி ஓயில் போதும், பெல்ற்றில் சிந்தக்கூடாது.

சந்தேகம் தீராவிட்டால்

முதற் சோதனை: பெல்ற்றைக் கழற்றிய நிலையில், ஆறிய இயந்திரத்தை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். பம்பி ஓடாதபடியால் அதற்கு மேல் ஓடவிடக்கூடாது. அப்போதும் அதே சத்தம் வந்தால் காரணம் பெல்ற் பகுதியில் இல்லை.

இரண்டாம் சோதனை: பெல்ற்றைப் பூட்டி, இயந்திரம் மெதுவாக ஓடிச் சத்தம் வரும் வேளையில், மூடியில் துளையிட்ட போத்தலால் பக்கவாட்டில் எட்ட நின்று பெல்ற்றின் மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்று சற்று நேரத்தில் திரும்பி வந்தால் கப்பிகளின் நேர்கோடு பிழை. சத்தம் இன்னும் கூடினால் பெல்ற் தளர்ந்து வழுக்குகிறது. மாற்றமே இல்லாவிட்டால் பேரிங்கைப் பாருங்கள். தண்ணீருக்குப் பதிலாக ஓயிலோ மண்ணெண்ணெயோ ஒருபோதும் தெளிக்கவேண்டாம்.

திருத்தும் முறை

தளர்ச்சியே காரணமானால், இயந்திரத்தை நிறுத்தி, டைனமோவைத் தாங்கும் போல்ற்றுகளையும் நீள்துளைத் தகட்டின் போல்ற்றையும் சற்றுத் தளர்த்துங்கள். டைனமோவின் முன்முனையில் மரத்தடியைக் கொடுத்து வெளிப்பக்கமாக நெம்பிப் பிடித்தபடி தகட்டின் போல்ற்றை முதலில் இறுக்குங்கள். பின் மற்றவற்றை இறுக்குங்கள். நடு உடலில் இரும்பால் நெம்பினால் டைனமோ நசியும். புதிய பெல்ற் சற்று நீளும். ஆகையால் சில நிமிடம் ஓடவிட்ட பின்பும், முதல் நாள் வேலை முடிந்த பின்பும் மறுபடி அளந்து பாருங்கள்.

புதிய பெல்ற்றைத் திருப்புளியால் நெம்பிக் கப்பியில் ஏற்றவேண்டாம். உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். டைனமோவை உள்ளே தள்ளிவிட்டுக் கையால் போடுங்கள்.

சவர்க்காரம், கிறீஸ், ஓயில் ஆகியவை சத்தத்தை அடக்குவது உண்மை. ஆனால் வழுக்குதல் நிற்பதில்லை, கூடுகிறது. ஓயில் றப்பரை ஊறவைத்து அழிக்கும். சத்தம் போய், சூடு மட்டும் மிஞ்சும்.

நெடுநாள் நின்ற இயந்திரம்

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோதும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊருக்கு ஊர் மாறியபோதும், வீட்டுப் பொருட்களையும் முதியோரையும் சுமந்தவை உழவு இயந்திரப் பெட்டிகளே. இடையில் விட்டுவிட்டு வரவேண்டியிருந்த இயந்திரங்களும் பல. மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற இயந்திரத்தை மீண்டும் ஓட்டும் எவரும் பெல்ற்றை முதலில் பார்க்கவேண்டும். ஒரே இடத்தில் வளைந்து நின்ற றப்பர் அந்த வளைவிலேயே இறுகிவிடும். கப்பிப் பள்ளங்கள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கப்பியில் புதிய பெல்ற்றைப் போட்டால் அரம்போல் அராவித் தின்னும். முதலில் கம்பித் தூரிகையால் பள்ளத்தைத் துலக்கி, மென்மையான அரத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். விசிறி மூடிக்குள் எலிக்கூடு, குளவிக்கூடு உண்டா என்றும் பாருங்கள்.

லாண்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கு

இதில் இயந்திரத்தின் சக்தி இரண்டு அல்லது மூன்று பெல்ற்றுகள் வழியாகக் கிளச்சுக் கப்பிக்குப் போகிறது. சேற்றில் அல்லது வரம்பேறும்போது கத்தினால், இயந்திரத்தின் அடிப் போல்ற்றுகளைத் தளர்த்தி, அதை நேராக முன்னுக்கு நகர்த்தி இழுவிசையைக் கூட்டவேண்டும். கோணலாக நகர்த்தினால் கப்பிகளின் நேர்கோடு பிழைக்கும். பெல்ற் மாற்றுவதானால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்தால், நீளாத புதிய பெல்ற்றே முழுச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் அறும். கடைக்குப் போகும்போது பழைய பெல்ற்றைக் கையோடு கொண்டு போங்கள். அதன் முதுகில் பி என்ற ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் இருந்தால், எழுத்து 17 மில்லிமீற்றர் அகலத்தையும் இலக்கம் உட்சுற்றளவை அங்குலத்திலும் குறிக்கும்.

வயலில் பெல்ற் அறுந்துவிட்டால் உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள். கயிற்றையும் துணியையும் முறுக்கிப் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டாம். கொதிக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறக்கவேண்டாம். மாற்றுப் பெல்ற் ஒன்றை வெயில், ஓயில் படாமல் வீட்டில் வைத்திருப்பது, விதைப்புக் காலத்தில் ஒரு மூடை விதைநெல் வைத்திருப்பதற்குச் சமம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது ஊரில் ஓடும் இயந்திரங்களில் எத்தனைக்கு மாற்றுப் பெல்ற் உண்டு? நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அளவானதை வாங்கிப் பொதுவில் வைக்க முடியுமா?

2. காலபோக உழவுக்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, எல்லா இயந்திரங்களின் பெல்ற்றையும் ஒன்றாகச் சோதிக்கலாமா? இளைஞர்களுக்கு யார் காட்டிக் கொடுப்பது?

3. கத்தும் இயந்திரம் ஒன்று இப்போது இருந்தால், அது எப்போது கத்துகிறது? கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.