ப்ளூ-ரே பிளேயர் வாங்கும் முன்...

விலை கூடினால் ஒலியும் கூடும் என்று நம்பி பிளேயருக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். முதலில் வீட்டிலுள்ள ஏவி ரிசீவரைப் பாருங்கள். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் இழப்பில்லாத ஒலி வடிவங்கள். ஆப்டிகல் கேபிளில் இவை முழுமையாகப் போகாது, எச்டிஎம்ஐ தேவை. ரிசீவர் இவற்றை டீகோட் செய்யுமானால் பிளேயரின் வேலை பிட்ஸ்ட்ரீமை அப்படியே அனுப்புவது மட்டுமே. அதைச் சாதாரண பிளேயரும் செய்துவிடும். செட்டிங்கில் 'பிட்ஸ்ட்ரீம்' தேர்ந்தெடுத்து, 'செகண்டரி ஆடியோ'வை அணைத்துவிடுங்கள்.

'அப்படியானால் விலையுயர்ந்த பிளேயர் வீணா?' என்று கேட்கலாம். எச்டிஎம்ஐ இல்லாத பழைய ரிசீவரில் பல சேனல் அனலாக் உள்ளீடு இருந்தால், தானே டீகோட் செய்து 5.1 அல்லது 7.1 அனலாக்கில் தரும் பிளேயருக்குக் கூடுதலாகச் செலவிடுவதில் நியாயம் உண்டு. 'ஓடிடியிலேயே அட்மாஸ் வருகிறதே' என்பாரும் உண்டு. அது பெரும்பாலும் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ். டிஸ்கில் வருவது ட்ரூஎச்டி. டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவருக்கு இந்த வேறுபாடு எட்டாது. அவர்கள் முதலில் ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே நல்லது.

வெளிநாட்டு டிஸ்க் வாங்குவோர் கவனிக்க: ப்ளூ-ரேயில் இந்தியா 'சி' மண்டலம்; 4கே அல்ட்ரா எச்டி டிஸ்குகளுக்கு மண்டலத் தடை இல்லை.