கொன்ஷன்ஸ்: உள்ளே நிற்கும் சாட்சி

ஆங்கிலத்தில் 'கொன்ஷன்ஸ்' என்றொரு சொல் உண்டு. மனிதனுக்கு உள்ளே இருந்து, இது சரி, இது பிழை என்று வழிகாட்டுவதை அச்சொல் குறிக்கிறது. தமிழில் அதை மனச்சாட்சி என்கிறோம். இச்சொல் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் எவ்வாறு வளர்ந்தது, இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களாகிய எமக்கு அது என்ன சொல்கிறது என்பவற்றை இப்பாடத்திற் பார்ப்போம்.

ஊரில் இருந்தபோது எம்மைச் சுற்றி அறிந்த கண்கள் பல இருந்தன. பங்குக் கிணற்றில் யார் எத்தனை மணிக்கு இறைத்தார், யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் மேய்ந்தது, யார் வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊர் வாய்க்குப் பயந்தே பலர் ஒழுங்காக நடந்தார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும் வாடகை வீடுகளிலும் குடியேறியபோது அந்தக் கண்கள் இல்லாமற் போயின. எம்மைத் தெரிந்தவர் எவரும் இல்லாத இடத்தில் எது எமக்கு வழிகாட்டும்? இக்கேள்வியை மனதிற் கொண்டு சொல்லின் வேருக்குப் போவோம்.

1. சேர்ந்து அறிதல்

'கொன்ஷன்ஸ்' என்பது இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். இலத்தீனில் அது 'கொன்ஷியென்ற்சியா'. 'கொன்' என்றால் சேர்ந்து, கூட. 'ஷீரே' என்றால் அறிதல். ஆகவே இச்சொல்லின் முதற் பொருள் 'சேர்ந்து அறிதல்' என்பதாகும். அறிவியலைக் குறிக்கும் 'சயன்ஸ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததே.

ஒரு காரியத்தை மற்றவருடன் சேர்ந்து அறிந்தவரை, அதாவது ஓர் இரகசியத்துக்கு உடந்தையாக இருந்தவரை, உரோமர் 'கொன்ஷியுஸ்' என்றனர். கிரேக்கத்திலும் இவ்வாறே. புனித பவுல் தம் கடிதங்களில் எழுதிய 'சுனெய்தேசிஸ்' என்ற சொல்லும் 'கூட அறிதல்' என்றே விரியும். 'என்னோடு நானே சேர்ந்து அறிகிறேன்' என்றும் கிரேக்கர் சொல்வதுண்டு. அப்படியானால் ஒரு மனிதனுக்குள் இருவர் இருக்கிறார்கள்: ஒருவர் செய்பவர், மற்றவர் பார்த்து நிற்பவர். மனச்சாட்சி ஆயிரம் சாட்சிகளுக்குச் சமம் என்ற பொருளில் உரோமரிடையே ஒரு பழமொழியும் வழங்கியது.

இப்போது எமது சொல்லைப் பார்ப்போம். 'சாட்சி' என்பது 'சாக்ஷி' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. 'ச' என்றால் கூட, 'அக்ஷி' என்றால் கண். கண்ணோடு கூட நின்றவர், கண்ணாற் கண்டவர் என்பது பொருள். இலத்தீன் 'கூட அறிந்தவர்' என்றது. எமது சொல் 'கூட நின்று கண்டவர்' என்றது. இரண்டிலும் 'கூட' இருக்கிறது. சிங்களச் சகோதரர்களும் இதனை 'ஹ்ருத சாக்ஷிய' என்பார்கள். இருதயத்தின் சாட்சி என்பது பொருள். இத்தீவின் இரு மொழிகளும் சாட்சி என்ற ஒரே சொல்லிலே வந்து சந்திக்கின்றன. 1995இல் வெளிவந்த தமிழ்த் 'திருவிவிலியம்' 'மனச்சான்று' என்ற சொல்லைக் கையாள்கிறது. சான்று என்றாலும் சாட்சியே.

2. நெஞ்சும் கடியும்

எல்லா மொழிகளிலும் இதற்குத் தனிச்சொல் இருந்ததில்லை. பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேயத்தில் இருதயம் என்ற சொல்லே இந்த வேலையையும் செய்தது. தன்னைக் கொல்லத் தேடிய சவுலின் அங்கித் தொங்கலை இருட்டிலே அறுத்தெடுத்த பின் தாவீதின் இருதயம் அவனை அடித்துக்கொண்டது என்று சாமுவேல் முதலாம் ஆகமம் கூறுகிறது. எம் தாய் தகப்பன்மாரும் இப்படித்தான் பேசினார்கள். 'நெஞ்சறியப் பொய் சொல்லாதே', 'நெஞ்சிலே கைவைத்துச் சொல்', 'மனம் குத்துகிறது' என்பன பள்ளிக்கூடம் போகாதவரும் அறிந்த பேச்சு.

இலத்தீன் சொல் நிலைபெறுவதற்கு முன் ஆங்கிலேயரிடமும் சொந்தச் சொல் ஒன்று இருந்தது. அது 'இன்விற்', அதாவது உள்ளறிவு. 1340இல் கன்ரபரியைச் சேர்ந்த டான் மைக்கல் என்ற துறவி பிரெஞ்சு நூலொன்றைத் தமது கென்ற் வட்டாரப் பேச்சில் மொழிபெயர்த்து, 'உள்ளறிவு திரும்பக் கடித்தல்' என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டார். இன்று ஆங்கிலத்தில் செய்த பிழைக்கு வருந்துவதை 'ரிமோர்ஸ்' என்பார்கள். அதற்கும் திரும்பக் கடித்தல் என்பதே மூலப் பொருள். செய்யும்போது இனித்த காரியம் பிறகு திரும்பி வந்து கடிக்கும் என்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

3. இரண்டு பேரின் சொல்

காலப்போக்கில் 'கொன்ஷன்ஸ்' என்பது தனி ஒருவரின் உட்குரல் என்ற பொருளையே பெரிதும் பெற்றது. 'என் மனச்சாட்சி எனக்குப் போதும், மற்றவர் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்' என்று சிலர் பேசுவது இப்பொருளை வைத்தே. ஆனால் வேர்ப் பொருள் மறைந்துவிடவில்லை.

1948 டிசெம்பர் 10ஆம் திகதி பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. மனிதர் அனைவரும் பகுத்தறிவும் மனச்சாட்சியும் உடையவர்கள் என்று அதன் முதலாம் உறுப்புரை கூறுகிறது. பகுத்தறிவு மட்டும் போதாது என்று வரைவுக் குழுவில் எடுத்துரைத்தவர் சீனப் பிரதிநிதியான பி. சி. சாங். அவர் மனதில் இருந்தது 'ரென்' என்ற சீனச் சொல் என்பர். மனிதன் என்ற குறியும் இரண்டு என்ற குறியும் சேர்ந்த எழுத்து அது. மனிதன் தனியே நின்று மனிதனாவதில்லை, இன்னொருவரையும் எண்ணும்போதே மனிதனாகிறான் என்பது அதன் கருத்து. அதற்கு நேரான ஆங்கிலச் சொல் கிடைக்காமல், கடைசியில் 'கொன்ஷன்ஸ்' என்ற சொல்லே இடம்பெற்றது.

எமது நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது. பேச்சுரிமை, நடமாடும் உரிமை போன்றவற்றைச் சட்டத்தால் மட்டுப்படுத்த அரசியலமைப்பு இடம் வைத்திருக்கிறது. 10ஆம் உறுப்புரையை அவ்வாறு மட்டுப்படுத்த இடமில்லை.

4. கொழும்பு கண்ட சோதனைகள்

ஒருவரை அறிதல் இரண்டு வகைப்படும். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்து வந்த கும்பல்களிற் சிலவற்றின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதே தெருக்களில் சிங்கள, முஸ்லிம் அயலவர் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்து வைத்தார்கள். அவர்களும் அறிந்திருந்தார்கள். முன்னையது பட்டியலின் அறிவு. பின்னையது கூட வாழ்ந்தவரின் அறிவு. 'கொன்ஷன்ஸ்' என்ற சொல்லுக்கு உரியது இரண்டாவதே.

2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்புக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க இது பிழையென ஏற்று வருத்தம் தெரிவித்தார். வெளியேற்றப்பட்டவர்கள் தாங்களே மனுக் கொடுக்கும் நிலையில் இருக்கவில்லை. அந்த லொட்ஜுகளில் ஒரு நாளும் தங்கியிராதவர்கள் அவர்களுக்காக நீதிமன்றம் போனார்கள்.

எமது பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. பிறகு நாமும் இடம்பெயர்ந்தோம். எமக்கு நடந்ததை மட்டும் நினைவில் வைத்து, எம் கண்முன் அயலவருக்கு நடந்ததை மறப்பது பாதிச் சாட்சியம். பாதிச் சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

5. காணியும் மனச்சாட்சியும்

இனி எமது வாழ்க்கையோடு மிக நெருங்கிய விடயம். இடம்பெயர்ந்தபோது பலர் தம் காணியை அயலவரிடமோ உறவினரிடமோ பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். வேறு சிலர் பிறருடைய காணியிற் குடியிருந்து, மரம் நட்டு, கிணறு இறைத்து வாழ்ந்தார்கள். உறுதிகள் எரிந்தன, தொலைந்தன. எல்லைக் கற்கள் மறைந்தன.

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றி, தொடர்ந்து பத்து ஆண்டுகள் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் தம் காணியைப் பார்க்க முடியாமற் போனவர்களின் இழப்பைக் கருதி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றியது அச்சட்டம். காணிப் பிணக்கு உள்ளவர்கள் தம் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிவது நல்லது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதி பெற்றுக் காணிக்குள் வந்தவர் வெறுமனே ஆண்டுகள் கழிந்ததைக் காட்டி உரிமை கோர முடியாது. எனவே வழக்கிலே முக்கியமான கேள்வி, 'நீர் முதலில் எப்படி உள்ளே வந்தீர்?' என்பதாகும். வேலிக்கரையில் நின்று, 'அண்ணை, நாங்கள் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கோ' என்று ஒருவர் சொன்னார். 'ஓம் தம்பி, நீ யோசியாமல் போட்டு வா' என்று மற்றவர் சொன்னார். கடதாசி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. சொன்னவர் இறந்திருக்கலாம், அல்லது வெளிநாட்டில் இருக்கலாம். அந்த உண்மையை இருவர் சேர்ந்து அறிந்தார்கள். இன்று ஒருவர் மட்டுமே மீதி. இலத்தீன் சொல்லின் மூலப் பொருள் இதுவேதான். அந்த ஒருவர் வாய் திறந்து உண்மை சொன்னால், பத்து வருட வழக்கு ஒரு நாளில் மத்தியஸ்த சபையிலேயே முடிந்துவிடும். காணியை இத்தனை காலம் காத்தவரின் உழைப்பும் பொய்யல்ல. நட்ட தென்னைக்கும் வெட்டிய கிணற்றுக்கும் நியாயமான ஈடு கேட்பதற்கும் கொடுப்பதற்கும் அதே மனச்சாட்சி இருபக்கத்தாருக்கும் வழி சொல்லும்.

6. மனச்சாட்சியும் மரத்துப் போகும்

மனச்சாட்சி ஒருபோதும் தவறாது என்று எண்ணிவிடக் கூடாது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதற் கடிதத்தில் சூடு போடப்பட்ட மனச்சாட்சியைப் பற்றிப் பேசப்படுகிறது. மாட்டுக்குக் குறிசுட்டவர்கள் இதை அறிவார்கள். சுட்ட இடத்தில் தோல் தடித்துப் போகும். அங்கே ஈ மொய்த்தாலும் மாடு வாலை வீசாது. முதற் பொய் கடிக்கும். பத்தாவது பொய் கடிக்காது. இல்லாத ஒருவரின் பெயரில் உலருணவு எடுப்பதும், இறைப்பு முறையில் அடுத்தவரின் கால் மணி நேரத்தை எடுப்பதும் அப்படித்தான் பழக்கமாகின்றன. பசி ஒருவரைத் தள்ளியிருக்கலாம். அவரைத் தீர்ப்பிடுவது எம் நோக்கமல்ல. பசி தீர்ந்த பின்னும் கடி உணராமல் இருப்பதே ஆபத்து.

இதற்கு மருந்து தனிமையில் இல்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனச்சாட்சியை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் இடம் என்று கூறியதோடு நின்றுவிடவில்லை. மனச்சாட்சிக்கு விசுவாசமாக இருப்பதால் கிறிஸ்தவர் மற்ற மனிதரோடு இணைந்தே உண்மையைத் தேடுகின்றனர் என்றும் கூறியது. ஆகவே நம்பிக்கையான ஒருவரிடம் பேசுதல், எதிர்ப்பக்கத்தார் சொல்வதைக் கேட்டல், பிள்ளைகளுக்கு ஊரின் உண்மைகளை மறைக்காமற் சொல்லுதல் ஆகியன அதைக் கூர்மையாக வைத்திருக்கும் வழிகள்.

போர்க்காலத்தில் கொழும்பில் பதிவுக்குப் போனபோது எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, 'உம்மை இங்கே யாருக்குத் தெரியும்?' என்பது. பலருக்குப் பதில் இருக்கவில்லை. ஆனால் காணி, வீடு, மாடு, உறுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எவரும் தம்மைத் தெரிந்த ஒரு சாட்சியை விட்டுவிட்டு வரவில்லை. அந்தச் சாட்சியை மதித்து நடக்கும் குடும்பங்கள் எங்கே கூடினாலும் அங்கே ஓர் ஊர் தொடங்கும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உங்கள் வீட்டிலும் ஊரிலும் மனச்சாட்சியைக் குறிக்க வழங்கும் வேறு சொற்களும் பேச்சுகளும் எவை?

2. ஊராருக்குப் பயந்து நல்லது செய்வதற்கும் மனச்சாட்சிக்காக நல்லது செய்வதற்கும் வேறுபாடு என்ன? இரண்டும் தேவையா?

3. நீங்கள் மட்டுமே அறிந்த காணி, எல்லை, கடன் பற்றிய உண்மை ஏதும் உண்டா? அதை யாரிடம், எப்போது சொல்லி வைக்கலாம்?

4. இடம்பெயர்ந்த காலத்தில் வேற்று இனத்தவரோ மதத்தவரோ உங்களுக்காகச் சாட்சியாக நின்றதுண்டா? அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?